முந்நூறு கிலோ

பேருந்து அடிவாரத்தோடு திரும்பிவிடும்.
அதற்கு மேல் கற்படிகள், காட்டுப்பன்றி கிளறிய மண்,
பிறகு கோட்டை வாசலில்
மழை பாதி தின்றுவிட்ட ஒரு கல் சிங்கம்.
வெனிஸ்காரர்கள் விட்டுப்போனது.
அதன் வாய்க்குள் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள்.

கோர்யாக்கில் இப்போது முப்பத்தெட்டுப் பேர்.
"என் மொழியில் குடி என்றால் வீடு, குலம்,
குடிப்பதும் அதுதான்" என்றேன் நெவென்காவிடம்,
எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில்.
"இரண்டு சொல் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்" என்றாள்,
எண்ணெய் ஆலையின் சாவியைத் தேடிக்கொண்டே.

ஒரே தெரு. எதிரெதிரே இரண்டு நிலவறைகள்.
இடப்பக்கம் பாஸ்தியான். வலப்பக்கம் லிபெராத்.
ஒரு தகப்பன், ஒரு சரிவு, ஒரே செம்மண்.
நடுவில் ஒரு வரிசைத் திராட்சைக்கொடி
யாருக்கு என்பதில்
பதினேழு வருடம்.

பாஸ்தியான் ஊற்றிய மல்வாசியா வைக்கோல் நிறம்.
மூக்கருகே கொண்டுபோனால் வேலம்பூ.
"அவனுடையதைக் குடித்தாயா?"
"இன்னும் இல்லை."
"குடித்துவிட்டு வா. பிறகு சொல்."

தெருவைக் கடக்க ஒன்பது எட்டு.
லிபெராத் எதுவும் கேட்கவில்லை. ஊற்றினார்.
என் முகத்தை விட்டுவிட்டு
என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதே வேலம்பூ. உப்பு ஒரு துளி கூடுதல்,
அல்லது அது படியேறி வந்த என் வேர்வை.
உறுதிசெய்யத் திரும்பப் போனேன்.
அதை உறுதிசெய்யத் திரும்ப வந்தேன்.
ஐந்தாம் தடவை அந்தத் தெரு
பதினான்கு எட்டு ஆகியிருந்தது.
தீர்ப்புச் சொல்ல வந்தவள்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மணிக்கு ஆலை ஓடத் தொடங்கியது.
முந்நூறு கிலோவுக்குக் குறைந்தால்
தனியாக அரைப்பதில்லை என்று சுவரில் எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள் நெவென்கா.
பாஸ்தியானிடம் நூற்று எண்பத்திரண்டு.
லிபெராத்திடம் நூற்று இருபத்தாறு.
ஜூலை ஆலங்கட்டிக்கு அண்ணன் தம்பி தெரியவில்லை.

நீலப் பெட்டிகளும் பச்சைப் பெட்டிகளும்
ஒரே புனலில் கவிழ்ந்தன.
இலை பறந்தது. காய் குளித்தது.
கொட்டையோடு நசுங்கி
நாற்பது நிமிடம் கூழாகப் புரண்டது.
அந்த நாற்பது நிமிடமும் இருவரும்
ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில்.
நடுவில் நான்,
என் மடியில் யாருடைய தொப்பி என்று தெரியவில்லை.

பிறகு குழாயில் பச்சை வந்தது.
பொன் என்று சொல்லிவைத்திருந்தார்கள்; இல்லை,
இப்போதுதான் அறுத்த புல்.
எள் விளையாத ஊரில் அதை எண்ணெய் என்று சொல்ல
நாக்கு கொஞ்சம் கூசியது. வேறு சொல் கையில் இல்லை.
நெவென்கா ரொட்டியை நனைத்து மூவருக்கும் நீட்டினாள்.
தொண்டையைக் கீறியது. இருமினேன்.
பாஸ்தியான் இருமினார்.
லிபெராத் அடக்கிப்பார்த்து, முடியாமல், இருமினார்.
"எரிந்தால்தான் சரக்கு" என்றாள்.

நாற்பத்து நான்கு லிட்டர்.
இருபத்தாறு இந்தப் பக்கம், பதினெட்டு அந்தப் பக்கம்.
தராசு பேசியது, அவர்கள் பேசவில்லை.
மூடியைத் திருகியபடி பாஸ்தியான் என்னிடம் திரும்பினார்:
"சரி. எது?"
லிபெராத்தும் கையிலிருந்த கேனை இறக்கிவைத்தார்.

"மறந்துவிட்டது" என்றேன். அது உண்மையும்கூட.

இருவரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள்.
இத்தாலியன் இல்லை, மலையின் சொந்த மொழி.
இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்
என்றாள் நெவென்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.
என்ன வார்த்தை என்று மட்டும் சொல்லவில்லை.

படியிறங்கி வந்தால் கடைசிப் பேருந்து போயிருந்தது.
மறுபடி ஏறினேன்.
இடப்பக்கம் மேல்மாடியில் விளக்கு எரிந்தது.
வலப்பக்கமும் எரிந்தது.
சிங்கத்தின் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.